வெடியொலியும் செவிச்செல்வமும்

கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கு மட்டும் அத்தகைய கதவு ஒன்றை இறைவன் வைத்தானில்லை. நாம் உறங்கும்போதும் அது விழித்திருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஒலியை ஏற்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த குழவியின் வலச்செவியில் பாங்கின் சொற்களை மெல்ல ஓதுவது நம் இல்லங்களின் வழக்கம். உலகத்தோடு அக்குழவிக்கு ஏற்படும் முதல் உறவு செவிவழி உறவே எனலாம். வள்ளுவப் பெருந்தகையும் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஏடு பயிலாதவனும் செவி வாயிலாக அறிவு பெறலாம் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும்.

தமிழ்த்துறை மலரில் காதைக் காப்பது பற்றி எழுதுவானேன், அது மருத்துவர் எழுத வேண்டியதன்றோ எனக் கேட்பார் உளர். மொழி முதலில் ஒலி. வரிவடிவம் பின்னர் வந்தது. எழுத்தொலிகள் பிறக்கும் முறையைப் பிறப்பியலில் ஆராய்ந்த தொல்காப்பியர் அதற்குத் துணைநிற்கும் உறுப்புகளை எட்டென எண்ணிக் காட்டினார். அவ்வெட்டில் செவி இல்லை. பிறப்பிக்கும் உறுப்புகளை மட்டுமே அவர் ஆண்டுக் கூறப் புகுந்தாராதலின் அது குறையன்று. ஆயினும் பிறந்த ஒலியைப் பெற்றுக்கொள்ளும் உறுப்பு பழுதுபட்டால் மொழிக்கு நேர்வது யாது என்ற வினா மொழி பயில்வோர்க்கு உரியதே. அதனை நம் ஊர்ப்புறத்தை முன்வைத்து ஈண்டுக் காண்போம்.

பரங்கிமலையும் பீரங்கியும்

கிண்டியிலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கும் அமைந்த நிலப்பகுதி படையும் ஆலையும் ஊர்தியும் ஒருங்கே கூடிய பகுதியாகும். இங்குள்ள பரங்கிமலையின் பெயரே ஒரு வரலாறு. அரபியரும் பாரசீகரும் ஐரோப்பியரைச் சுட்டிய 'ஃபிரங்கி' என்னும் சொல் தமிழில் 'பரங்கி' ஆயிற்று. அவர்கள் கொணர்ந்த பெரிய வெடிகுழலின் பெயரும் அதே வேரிலிருந்து 'பீரங்கி' ஆயிற்று. 'துப்பாக்கி'யோ துருக்கியச் சொல்லின் வழிவந்தது. ஆகப் பரங்கிமலையும் பீரங்கியும் சொல்லளவில் உடன்பிறப்புகள். வரலாற்றிலும் அவ்வாறே அமைந்தன. ஆங்கிலேயர் காலத்தில் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடம் பரங்கிமலையே. 1759இல் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அம்மலையடியில் பொருதனர். 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை அங்கு வந்து நின்ற பின்னரே கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் உடன்படிக்கைக்கு இசைந்தனர்.

இன்றும் அப்பகுதி படைக்கலன்களின் தொடர்பை விட்டுவிடவில்லை. 1963இல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பட்டு 1988இல் பெயர்மாற்றம் பெற்ற இராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம் பரங்கிமலையில் உள்ளது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில், விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி 1954 முதல் இயங்குகிறது. 2024 அக்டோபரில் விமானப்படை நாள் அணிவகுப்பு அத்தளத்தில் நிகழ்ந்தபோது இவ்வட்டாரத்தார் சில நாட்கள் வானத்தைப் பார்த்தும் காதைப் பொத்தியும் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் காவலர் பயிற்சியகம் உள்ளது. சிங்கப்பெருமாள்கோயிலை அடுத்த அனுமந்தபுரம் காட்டுப்பகுதியில் துப்பாக்கி சுடும் தளம் உள்ளது. இவற்றுடன் மீனம்பாக்கத்து ஓடுபாதையையும், 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் மின்தொடர் வண்டியையும் சேர்த்துக்கொள்க. பல்லாவரம், திரிசூலம், பம்மல் பகுதிகளின் கல்குவாரிகள் இன்று பெரும்பாலும் நீர் தேங்கிய பள்ளங்களாகிவிட்டன. அங்கு வெடிவைத்துப் பாறை பிளந்த காலத்தில் பணிசெய்தோர் பலர் இன்றும் நம்மிடையே முதியோராக வாழ்கின்றனர். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பார் அதே பல்லாவரத்தில்தான் கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அந்த மனிதனும் பாறையைத் தட்டி உடைத்தவனே. ஆனால் அவன் காலத்தில் வெடிமருந்து இல்லை.

விமானத்தின் ஓசையையோ தொடர்வண்டியின் ஓசையையோ வீட்டிலிருந்து கேட்பதனால் செவி கெட்டுவிடாது. அவை உறக்கத்தையும் பாடத்தையும் கெடுக்கும், அவ்வளவே. வானூர்தி ஒன்று தலைக்கு மேல் செல்லும்போது செய்யுளைப் பாதியில் நிறுத்திக் காத்திருப்பது இப்பகுதித் தமிழாசிரியர் அனைவர்க்கும் பழகிய செயல். செவியை மெய்யாகவே அழிப்பவை நமக்கு மிக அண்மையில் நிகழும் பேரொலிகள். அவற்றுள் தலையாயது துப்பாக்கியின் வெடிப்பு.

செவியினுள் நிகழ்வது

வெளிச்செவியின் துளை முடியுமிடத்தில் மெல்லிய தோல் ஒன்று உள்ளது. அதற்குச் 'செவிப்பறை' எனப் பெயரிட்ட தமிழறிஞரைப் பாராட்ட வேண்டும். அது உண்மையிலேயே தோல் போர்த்த சிறு பறை. அப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. நம் உடலெலும்புகளுள் மிகச் சிறியது அங்கவடியே. உட்செவி நத்தையின் ஓடுபோல் சுருண்டு, நீர் நிரம்பி உள்ளது. அச்சுருளின் நெடுகிலும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக அமர்ந்துள்ளன. நீரின் அசைவில் அவற்றின் நுண்மயிர்கள் சாய, அச்சாய்வு மின்குறிப்பாக மாறி நரம்புவழி மூளையை அடைகிறது.

பிறப்பதற்கு முன்பே அமைந்துவிடும் அந்த அணுக்களே வாழ்நாள் முழுமைக்கும் உரியவை. கோழிக்கும் மீனுக்கும் அழிந்த மயிரணுக்கள் மீண்டும் முளைக்கின்றன. மனிதனுக்கு முளைப்பதில்லை. இந்த ஓர் உண்மையை மாணவர் மனத்தில் பதித்துக்கொண்டால் இக்கட்டுரையின் பாதியைப் படித்ததாகக் கொள்ளலாம்.

நெல்வயலின் ஊடே ஒருவன் நடந்து சென்றால் பயிர் சாயும்; மறுநாள் நிமிர்ந்துவிடும். நாள்தோறும் நடந்தால் அவ்விடம் ஒற்றையடிப் பாதையாகிவிடும். ஆலை இரைச்சல் செவியைக் கெடுப்பது இம்முறையில்தான். முதலில் காது மந்தமாகி மறுநாள் சரியாகும். ஆண்டுகள் சில கடந்தபின் சரியாகாது. துப்பாக்கி வெடிப்பின் தன்மை வேறு. அது பயிரை அரிவாள் கொண்டு அறுப்பதைப் போன்றது. ஒரே வெடிப்பில் மயிரணுக்கள் தம் இருக்கையிலிருந்து கிழிபடலாம், செவிப்பறையும் கிழியலாம்.

பேரொலியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செவிக்கு இயல்பான ஏற்பாடு ஒன்று இல்லாமல் இல்லை. அங்கவடியோடு இணைந்த சிறு தசை, ஒலி மிகும்போது சுருங்கி அதிர்வைக் குறைக்கிறது. ஆனால் அத்தசை விழித்துக்கொள்ளவே நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிவிடும். துப்பாக்கியின் வெடிப்போ நொடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துவிடுகிறது. திருடன் சென்ற பின்னர்க் கதவடைக்கும் காவலனின் கதையே இது.

உயிர் கேட்கும், மெய் கேளாது

இனி மொழிக்கு வருவோம். உட்செவிச் சுருளின் வாயிற்புறத்தில் உள்ள அணுக்கள் உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளையும், உட்புறத்தில் உள்ளவை தாழ்ந்த ஒலிகளையும் ஏற்கின்றன. பேரொலியால் முதலில் பழுதுபடுவது நொடிக்கு 3,000 முதல் 6,000 அதிர்வுகளை ஏற்கும் இடமாகும். சிறப்பாக 4,000 அதிர்வெண்ணில் முதற்பள்ளம் விழுவது செவிச் சோதனை வரைபடங்களில் தெளிவாகத் தெரியும்.

நம் உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் அடங்கியுள்ளது. அ, ஆ, ஓ போன்றவை கணீரென்று நிற்கும். மூக்கொலிகளாகிய மெல்லினமும் தாழ்ந்த அதிர்வில் ஓரளவு நிற்கும். க, ச, த, ப எனும் வல்லினத்தின் நிலை வேறு. காற்றை அடைத்து வெடிக்கும் அந்தச் சிறு வெடிப்பும் சகரத்தின் உரசலும் கணநேரமே ஒலிப்பவை. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய உதவும் கூறுகள் உயர்ந்த அதிர்வெண்களில் உள்ளன. நம் இலக்கணம் அவற்றை வல்லினம் என்றது வாய் அவற்றை ஒலிக்கும் வன்மையைக் கருதி. செவிக்கோ அவையே மெலிந்தவை. பழுதுற்ற செவியில் வல்லினம் முதலில் மறைகிறது; மெல்லினம் பின்னும் நிற்கிறது; உயிர் இறுதிவரை ஒலிக்கிறது.

கடை, சடை, தடை, படை என்னும் நான்கு சொற்களை எடுத்துக்கொள்வோம். முதல் மெய்யை நீக்கினால் நான்கும் 'அடை' என்ற ஒரே ஒலியாகிவிடும். செவிகெட்டவர்க்கு நிகழ்வதும் இதுவே. அவர் முழுச் செவிடர் அல்லர். கதவு சாத்தும் ஓசை கேட்கும். பேருந்தின் இரைச்சல் கேட்கும். நீங்கள் பேசுவதும் கேட்கும். நீங்கள் சொன்னது கடையா, தடையா, படையா என்பது மட்டும் விளங்காது. "கேட்கிறது, ஆனால் புரியவில்லை" என்பதே இக்குறையுடையோர் எல்லா நாட்டிலும் கூறும் முறையீடு.

நமக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர் பல்லாவரத்தில் வாழ்கிறார். இளமையில் படையில் சேர்ந்து பல ஆண்டுகள் பணியாற்றியவர். காதில் எதையும் அணியாமல் ஆயிரக்கணக்கான குண்டுகளைச் சுட்டவர். "அந்தக் காலத்தில் யார் காதைப் பார்த்தார்கள்?" என்று அவரே கூறுவார். மகளின் பிள்ளை "நன்னா, கடைக்குப் போகலாமா?" என்று கேட்க, "படைக்கா? எனக்கு வயதாகிவிட்டது வாப்பா" என்று விடையிறுத்தாராம். வீட்டார் சிரித்தனர், அவரும் சிரித்தார். ஆனால் அச்சிரிப்புக்குப் பின்னால் உள்ளதை நாம் அறிவோம். ஜமாஅத் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்ந்து கருத்துரைத்தவர், இப்போது வருவதில்லை. பலர் ஒரே நேரத்தில் பேசுமிடத்தில் அவரால் ஒரு சொல்லையும் பிரித்தறிய இயலவில்லை. தவறாக விடை கூறி நகைப்புக்கு ஆளாவதைவிட வீட்டில் இருப்பதே மேல் என்று முடிவு செய்துவிட்டார். இசைமுரசு நாகூர் ஹனீஃபாவின் பாடல்களில் அவருக்குப் பெருவிருப்பம். "குரல் அப்படியே கேட்கிறது, பாட்டின் சொற்களை நினைவிலிருந்துதான் போட்டுக்கொள்கிறேன்" என்றார் ஒருமுறை. புதிதாக வரும் பாடல் எதுவும் அவருக்குப் பாடலாகக் கேட்பதில்லை.

இக்குறையின் கொடுமை இவ்வாறு பிறர் கண்ணுக்குப் புலப்படாமையில் உள்ளது. கண் மங்கியவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறோம். காது மங்கியவரை "கவனமில்லாதவர்", "பிடிவாதக்காரர்", "வேண்டியது மட்டும் கேட்கும்" என்று ஏசுகிறோம். வகுப்பறையிலும் இதுவே நிகழ்கிறது. சொல்வதெழுதலில் மயங்கொலிப் பிழை செய்யும் மாணவனின் நாவையும் கையையும் கடிந்துகொள்கிறோம். அவன் செவியை ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும் என்று நம்மில் எத்துணை ஆசிரியர்க்குத் தோன்றியிருக்கும்?

டெசிபல் கணக்கு

ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் கூறுவர். இதில் ஒரு நுட்பம் உள்ளது. இது கூட்டல் கணக்கன்று, பெருக்கல் கணக்கு. 3 டெசிபல் ஏறினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகும். 10 ஏறினால் பத்து மடங்காகும். இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல். 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணிநேரம் இருக்கலாம் என்றும், அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் அறிஞர் வரையறுப்பர். அதன்படி 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி, 100இல் 15 நிமிடமே. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணிநேரத்துக்கு 90 டெசிபல் வரை இடந்தருகின்றன. இது சற்றுத் தாராளமான எல்லை என்பது நம் கருத்து.

அளவுகோல் கையில் இல்லாதவர்க்கும் எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கை நீட்டும் தொலைவில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்திக் கத்த வேண்டியிருந்தால், அவ்விடத்து ஒலி 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம்.

கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் தாமஸ் பார் என்பவர் 1886இல் கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறுபேரைச் சோதித்தார். அவர்களுள் ஒருவர்க்கும் செவி இயல்பான நிலையில் இல்லை. ஆகவே ஆலையொலி காதைக் கெடுக்கும் என்பது நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய அறிவு. நம் நாட்டிலும் தொழிலால் வரும் செவிக்குறை சட்டப்படி தொழில்நோயாக ஏற்கப்பட்டு, இழப்பீடு பெறும் உரிமையும் தரப்பட்டுள்ளது. கிண்டித் தொழிற்பேட்டையிலும் பிற பட்டறைகளிலும் பணிபுரியும் தந்தையரை உடைய மாணவர்கள் இதனை வீட்டில் எடுத்துக் கூறுவது நலம்.

கணநேரம் வெடிக்கும் ஒலிக்கு எல்லை 140 டெசிபல். அதற்கு மேல் ஒருமுறை கேட்பதும் தீங்கு. மாணவர் படையில் பயன்படும் .22 சிறு துப்பாக்கியின் ஒலி ஏறத்தாழ அந்த எல்லையில் நிற்கிறது. படையினர் கையாளும் துப்பாக்கிகள் சுடுபவரின் செவியருகே 155 முதல் 165 டெசிபல் வரை எழுப்புகின்றன. 85க்கும் 160க்கும் உள்ள வேறுபாடு 75தானே என்று எண்ணலாகாது. பெருக்கல் கணக்கில் அது மூன்று கோடி மடங்கு.

சுடுதளத்தில்

நம் கல்லூரிகளின் மாணவர் பலர் தேசிய மாணவர் படையில் சேர்ந்துள்ளனர். அவர்களுள் சிலர் நாளை பரங்கிமலையிலும் ஊனமாஞ்சேரியிலும் பயிற்சி பெறுவர். மாணவியரும் இதில் பின்தங்கவில்லை. பரங்கிமலை மையத்தில் பெண்கள் 1992 முதல் பயிற்சி பெறுகின்றனர். அவர்களுக்காக இப்பகுதியைச் சற்று விரிவாகக் கூறுகிறோம்.

முகாமிலிருந்து திரும்பிய மாணவர்கள் "ஐயா, இரண்டு நாளாகக் காதில் 'கொய்ங்' என்ற ஒலி நிற்கவில்லை" என்று பெருமிதத்தோடு கூறக் கேட்டிருக்கிறோம். விழுப்புண் பட்ட வீரனின் பெருமிதம் அது. ஆனால் விழுப்புண் ஆறும். இது ஆறாமலும் போகலாம். காதடைப்பான் அணிவது கோழைத்தனம் என்னும் எண்ணம் இளைஞரிடையே உள்ளது. இதற்குத் திரைப்படங்களும் ஒரு காரணம். கதாநாயகன் மூடிய அறைக்குள் நூறு குண்டுகளைச் சுட்டு முடித்து, அடுத்த நொடியே காதலியின் காதோடு காதாகப் பேசுகிறான். உண்மையில் அவள் கூறும் மறுமொழி அவனுக்குக் கேட்காது.

வலக்கையால் சுடுபவனுக்கு இடச்செவியே மிகுதியும் பழுதுபடும் என்பது பலரும் அறியாத செய்தி. துப்பாக்கியின் அடிக்கட்டையை வலத்தோளில் பதித்துத் தலையைச் சாய்க்கும்போது வலச்செவி தலையின் நிழலில் மறைகிறது. இடச்செவி குழல்வாயை நோக்கி நிற்கிறது. ஆகவே "துப்பாக்கிப் பக்கத்துக் காதை மட்டும் அடைத்துக்கொண்டேன்" என்பவன் பூட்டிய கதவுக்கு மேலும் ஒரு பூட்டிட்டு, திறந்த கதவை அப்படியே விட்டவன் ஆகிறான்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் உள்ளது. அதனால் பயனில்லை, பஞ்சு ஒலியை மிகச் சிறிதளவே தடுக்கும். நெகிழ்வான நுரையாலாகிய காதடைப்பான்கள் மருந்துக் கடைகளிலும் தொழிற்பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைகளிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் அதனை அணியும் முறை தெரிந்திருக்க வேண்டும். நுரையை விரல்களிடையே உருட்டி மெல்லிய திரிபோல் ஆக்குக. மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடிக்க, வளைந்த செவித்துளை நேராகும். திரியை உட்செலுத்தி, அது விரிந்து துளையை நிரப்பும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சரியாகப் பொருந்தினால் நம் குரலே நமக்குக் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பொருந்தவில்லை என்று பொருள். உறையின்மேல் 30 டெசிபல் தடுக்கும் என்று அச்சிட்டிருப்பது ஆய்வுக்கூடத்து அளவு. நடைமுறையில் அதில் பாதியளவே கிடைப்பது வழக்கம்.

படைத் துப்பாக்கியைச் சுடும்போது அடைப்பானோடு, காதை முழுதும் மூடும் காதுக்கவசத்தையும் அணிதல் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் தடுப்பு அப்படியே இரட்டிப்பாகிவிடாது; சில டெசிபல்களே கூடும். அச்சில டெசிபல்களும் பெருக்கல் கணக்கில் பெரிது என்பதை முன்பே கண்டோம். கவசத்துக்கும் தலைக்கும் இடையே மூக்குக்கண்ணாடியின் காம்போ தலைத்துணியின் மடிப்போ புகுந்தால் அவ்விடுக்கின் வழியே ஒலி நுழைந்துவிடும். தலைத்துணி அணியும் மாணவியர் கவசத்தைத் துணிக்கு உள்ளே காதோடு பொருத்தி, துணியை மேலே போர்த்திக்கொள்ளலாம். அல்லது அடைப்பானையே நம்பலாம்.

சுடுபவன் மட்டும் அணிந்தால் போதாது. வரிசையில் அடுத்துப் படுத்திருப்பவனின் துப்பாக்கியும் நம் காதருகேதான் வெடிக்கிறது. பின்னால் தம் முறைக்குக் காத்திருப்போரும், குறிபார்க்கக் கற்பிக்கும் ஆசிரியரும், எண்ணிக்கை எழுதுவோரும் நாள் முழுதும் அங்கேயே நிற்கின்றனர். மாணவன் ஐந்து குண்டு சுட்டு எழுந்து போகிறான்; ஆசிரியரின் செவியோ அன்றைய குண்டுகள் அனைத்தையும் கேட்கிறது. கூரை வேய்ந்த இடத்திலும் சுவர் சூழ்ந்த இடத்திலும் ஒலி எதிரொலித்துத் திரும்பி வருதலின் கேடு மிகும். அடைப்பான் திடீரென நழுவிவிட்டால் சுடுவதை நிறுத்தி, இரு விரல்களால் செவித்துளைகளை இறுக அடைத்துக்கொள்க. பஞ்சைக் காட்டிலும் விரல் நன்கு தடுக்கும்.

வீதியும் மண்டபமும்

துப்பாக்கியைக் காணாதவர்க்கும் வெடியொலி புதிதன்று. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் பட்டாசுகளுக்கு நம் நாட்டில் தடை உள்ளது. அந்த அளவு 4 மீட்டர் தொலைவுக்கு உரியது என்பதை மறத்தலாகாது. கையில் பிடித்துக் கொளுத்தி எறியும் சிறுவனின் காதுக்கு அது பொருந்தாது. தீபாவளிக்கு மட்டுமன்று, திருமண ஊர்வலங்களிலும் தலைவர் வரவேற்பிலும் சரவெடி கொளுத்தும் வழக்கம் எல்லாச் சமுதாயத்தாரிடமும் பரவிவிட்டது, நம்மவரும் விலக்கல்லர். திருமண மண்டபங்களில் ஆளுயரப் பெட்டி ஒலிபெருக்கிகளின் முன்வரிசையில் முதியோரை அமர்த்துவது மரியாதை என்று எண்ணப்படுகிறது. அம்மரியாதையை நான்கு வரிசை பின்னால் தள்ளிச் செய்தால் அவர்கள் நம்மை வாழ்த்துவார்கள். காதுக்குள் செருகும் ஒலிப்பான்களைப் பற்றி இளைஞர்க்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே: 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணிநேரம் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் காட்டும் எல்லை, ஒலியைக் கூட்டக் கூட்ட அந்நேரம் விரைந்து சுருங்கும்.

ஒலிபெருக்கியைப் பேசும்போது வழிபாட்டிடங்களை விட்டுவிட்டுப் பேசுதல் நேர்மையாகாது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் குடியிருப்போர் சங்கம் ஒன்று, அங்கிருந்த வழிபாட்டுக் கூடத்தின் ஒலிபெருக்கியை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எச்சமயமும் கூறவில்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து. அது வேறொரு சமயத்தாரின் கூடம் பற்றிய வழக்காயினும் தீர்ப்பு கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒக்கும். அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரையறுத்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடைவிதித்தன. திருமறையின் 31ஆம் அத்தியாயத்தில் ஞானி லுக்மான் தம் மகனுக்குக் கூறும் அறிவுரைகளுள் குரலைத் தாழ்த்திக்கொள் என்பதும் ஒன்று. அதனை நன்கறிந்த சமுதாயப் பெரியோர்க்கு விதிகளை எடுத்துக்காட்ட வேண்டிய தேவையே இல்லை எனினும், கூம்பு ஒலிபெருக்கிகள் அண்டை வீட்டுச் சாளரத்தை நோக்கித் திரும்பியுள்ளனவா என்று ஒருமுறை மேலே ஏறிப் பார்க்கச் செய்யலாம்.

பழுது நேர்ந்தபின்

வெடியொலி கேட்டபின் காது அடைத்தாற்போல் இருப்பதும், உள்ளே இரைவதும் மயிரணுக்கள் அடிபட்டதன் அடையாளம். சில மணிநேரத்தில் தெளிந்தால் அப்போதைக்குத் தப்பினோம் எனலாம். ஒரு நாள் கடந்தும் தெளியாவிட்டால் காத்திராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். தொடக்க நாட்களில் தரப்படும் மருந்தால் ஓரளவேனும் மீள வாய்ப்புண்டு. வாரங்கள் கடந்தால் அவ்வாய்ப்பு நழுவிவிடும். காதில் நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றும் பாட்டி வைத்தியத்தை இங்குச் செய்யவே கூடாது. செவிப்பறை கிழிந்திருப்பின் எண்ணெய் நேரே நடுச்செவிக்குள் இறங்கிப் புண்ணாக்கும்.

காசநோய்க்குத் தரப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிமருந்துகள் உட்செவியைத் தாக்கக்கூடியவை. 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் 'சானடோரியம்' என்று ஊர்ப்பெயரே அமைந்த நம் வட்டாரத்தில், அம்மருந்தால் உயிர் பிழைத்துச் செவி மங்கிய பெரியோர் சிலரேனும் இருப்பர். இத்தகைய மருந்து பெறுவோர் பேரொலியையும் கேட்க நேர்ந்தால் கேடு ஒன்றோடொன்று சேர்ந்து பெருகும். ஆதலின் மருத்துவரிடம் தம் தொழிலைச் சொல்லிவிடுதல் நன்று.

முன்னர்க் கூறிய பல்லாவரத்துப் பெரியவர் இப்போது காதொலிக் கருவி அணிகிறார். வீட்டில் ஒருவரோடு ஒருவராகப் பேசும்போது அது பெரிதும் உதவுகிறது. கூட்டத்தில் எல்லா ஓசையையும் ஒருசேரப் பெருக்கிவிடுகிறது என்று குறைபட்டுக்கொள்கிறார். இல்லாத மயிரணுவைக் கருவி தர இயலாதன்றோ! அவருடன் பேசுவோர் முகத்துக்கு நேராக, வெளிச்சத்தில் நின்று, கத்தாமல், சொற்களைப் பிரித்துச் சற்று மெல்லப் பேசினால் போதும். கத்தினால் உயிரெழுத்தே பெரிதாகிறது. மெய் அப்படியேதான் இருக்கிறது.

மாணவர் படையில் சேர்வோர் முதல்முறை சுடுதளத்துக்குச் செல்லுமுன் செவிச் சோதனை செய்துகொள்வது இயலாத செயலன்று. செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சென்னை இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவுகள் உள்ளன. சோதனையின்போது ஒலிபுகா அறையில் அமர்த்தி, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே மெல்லிய ஒலிகளைக் கேட்கச் செய்து வரைபடம் எடுப்பர். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்திய நாள் பேரொலி எதையும் கேட்டிருத்தல் கூடாது. அவ்வரைபடத்தைச் சான்றிதழ்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் முகாம் முடிந்தபின் எடுக்கும் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இடச்செவியின் 4,000 அதிர்வெண் கட்டத்தை முதலில் பார்க்க.